துருவக் கடலில் எண் பிசகினால்: அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழி

எதையும் கழற்றுவதற்கு முன் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன எண் தெரிந்தது, எத்தனை மீட்டரில் தெரிந்தது, கருவியைக் கடலில் இறக்கி ஏற்றும் வின்ச்சில் யார் இருந்தார், காற்று எந்தப் பக்கம் என்று நாலு வரி. விரல் விறைத்த நேரத்தில் நாலு வரி எழுதுவது பெரும் சோம்பல். ஆனால் எழுதாமல் திருகாணியில் கை வைத்தவர்கள், என்னையும் சேர்த்து, பிழை எங்கே இருந்தது என்று கடைசிவரை கண்டுபிடித்ததில்லை.

என் ஊர் கொல்லங்கோட்டுக்கும் நீரோடிக்கும் நடுவே. மணலிலேயே மேற்கே நடந்தால் பொழியூர், அதாவது கேரளம். எங்கள் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல கொச்சியில்தான் மீன் இறக்குகின்றன. நான் தொழில் கற்றதும் கொச்சியில்தான். தெற்குப் பெருங்கடலுக்கும் ஆர்க்டிக்குக்கும் போகும் ஆய்வுப் பயணங்களில் கருவிகளைக் கடலில் இறக்கி, ஏற்றி, அவை தரும் எண்களை நம்பலாமா என்று பார்ப்பது என் வேலை. இந்த ஆண்டு தூத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கும் களியக்காவிளையைச் சேர்ந்த தங்கை ஒருவருக்கும் முதல் பயணம் வாய்த்திருக்கிறது. இருவரும் மாறி மாறிப் போனில் கேட்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

எண் பிசகினால் சந்தேகப்பட மூன்று இடம் உண்டு. கடலே அப்படி இருக்கலாம். கருவி கெட்டிருக்கலாம். நம் கை தவறு செய்திருக்கலாம். புதியவர்கள் கருவியில் தொடங்குவார்கள். 28 டிகிரி கடலில் பழகிய நமக்கு அது இயல்பு. நம் கடலில் பார்க்காத எண் எதைக் கண்டாலும் கருவி பழுது என்று தோன்றும். நான் சொல்லும் வரிசை: முதலில் கடல், அடுத்து கை, கடைசியில் கருவி.

ஆழம் போகப் போக வெப்பநிலை ஏறுகிறது

மின்கடத்துதிறன் (அதிலிருந்து உப்பு), வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும் சி.டி.டி. கருவியை முதன்முறை அண்டார்டிக் கரையோரம் இறக்குகிறவர் எல்லோரும் பயப்படும் இடம் இது. நம் கடலில் மேலே 28, 29 டிகிரி. 200 மீட்டர் இறங்கினால் 15ஐ ஒட்டி வந்துவிடும். அதற்குக் கீழே இன்னும் குளிரும். அங்கே கோடைக்காலத்தில் மேற்பரப்பு பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். 100 மீட்டர் வாக்கில் மைனஸ் 1.5, மைனஸ் 1.8 என்று இறங்கும். அதைத் தாண்டியதும் ஏறத் தொடங்கி, சில நூறு மீட்டரில் பூஜ்யத்துக்கு மேலே போய்விடும். ஆர்க்டிக்கின் நடுக்கடலிலும் இதே கதை: ஏறக்குறைய 150 முதல் 900 மீட்டர் வரை, அட்லாண்டிக்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான நீர் மேலிருக்கும் குளிர்நீருக்கு அடியில் கிடக்கிறது.

இதை ஊரில் சொன்னபோது, ஆயிரம் கொக்கித் தூண்டில் போட்டுச் சுறா பிடிக்கும் என் சித்தப்பா ஒரே கேள்வி கேட்டார்: "கீழே கிடக்கிற தண்ணீர் சூடு என்றால் அது ஏன் மக்களே மேலே வரவில்லை?"

சரியான கேள்வி. பிழை நீக்கும் வழியும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உப்பு அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. உறைநிலையை ஒட்டிய நீரில் வெப்பநிலை மாறினால் அடர்த்தி மிகக் கொஞ்சமே மாறும். நம் ஊர்க் கடல்நீர் ஒரு டிகிரிக்கு விரிகிற அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அங்கே விரியும். ஆகவே எந்த நீர் மேலே, எந்த நீர் கீழே என்று தீர்மானிப்பது உப்பு.

சோதனை இதுதான். வெப்பநிலைக் கோட்டைத் தனியாகப் பார்க்காதீர்கள். உப்புத்தன்மையையும் கணக்கிட்ட அடர்த்தியையும் பக்கத்தில் வரையுங்கள். ஆழத்தோடு உப்பு கூடி, அடர்த்தியும் கூடிக்கொண்டே போனால் கடல் சொல்வது உண்மை, கருவியைத் தொடாதீர்கள். கனமான நீர் மேலேயும் இலேசான நீர் கீழேயும் பல மீட்டருக்கு நீடித்துக் கிடப்பதாகக் காட்டினால் மட்டும் உணரிகளைச் சந்தேகியுங்கள்.

இதனால் இன்னொன்றும் வருகிறது. நம் கடலில் உப்பில் 0.01 பிசகினால் அடர்த்திக் கணக்கில் பெரிதாகத் தெரியாது. வெப்பநிலை அதை மூடிவிடும். அங்கே மூடாது. துருவக் கடலுக்குப் போகிறவரின் உழைப்பில் பாதி உப்பைச் சரியாக அளப்பதிலேயே போகும். கீழே வரும் அறிகுறிகளில் பல உப்பைச் சுற்றியே இருப்பதற்கும் அதுவே காரணம்.

வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே காட்டுகிறது

ஐஸ் பிளாண்டுக்குள் எட்டிப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. தகர டப்பாவில் நல்ல தண்ணீர் கட்டியாக உறைந்துகொண்டிருக்கும். அந்த டப்பாவைச் சுற்றித் தொட்டியில் நிற்கும் உப்புநீர், பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழேயும், உறையாமல் சலசலத்துக்கொண்டிருக்கும். கடலின் உப்பளவுக்கு அந்த எல்லை மைனஸ் 1.9 டிகிரி வாக்கில்.

மேற்பரப்பை ஒட்டி மைனஸ் 2.1 என்று கண்டால் உணரியின் அளவுத்திருத்தத்தைப் பாருங்கள். அதுவே 400 மீட்டரில் என்றால் பொறுங்கள். அழுத்தம் கூடக் கூட உறைநிலை இறங்கும், 1000 மீட்டருக்கு முக்கால் டிகிரி. கடல்மேல் மிதக்கும் பனித்தட்டின் அடிவயிற்றை உரசி வந்த நீர், மேற்பரப்பின் உறைநிலையைவிடக் குளிர்ந்த நிலையிலேயே ஆழத்தில் நகர்ந்து வரும். சிலர் இதைப் பிழை என்று அழித்துவிடுவார்கள். அந்தப் பயணத்தின் மிக அருமையான எண் அதுவாகவே இருக்கலாம்.

முதல் சில மீட்டர்களில் உப்பு எண் தாறுமாறாக ஆடுகிறது

பெரும்பாலும் ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல்கழியில், நடப்பது. ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளில் நீ ஓலசுண்ட் என்னும் குடியிருப்பில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் இருக்கிறது. அதன் எதிரே விரியும் காங்ஸ்ஃபியோர்டன் என்ற கடல்கழியில் பனியாறுகள் நேராகக் கடலில் வந்து முடிகின்றன. கோடையில் உருகும் நீர் செம்மண் நிறத்தில் மேலே பரந்து நிற்கும். மழைக்குப் பின் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் குழித்துறை ஆற்று நீர் கடலின் மேல் படுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் அதையே நினைத்துக்கொள்ளலாம். கூடவே பனிக்கட்டிகள் மிதக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சி.டி.டி.யின் உணரிகளுக்குள் நீரை இழுத்துவிட ஒரு சிறு பம்ப் உண்டு. கருவி நீரில் இறங்கியதும் அது ஓடிவிடாது. மின்கடத்துதிறன் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும்; தாண்டிய பிறகும் ஒரு நிமிடம் போலக் காத்திருந்துதான் தொடங்கும். மேலே நல்ல தண்ணீருக்கு நிகரான உருகுநீர் இருந்தால் "இன்னும் கடலுக்குள் இறங்கவில்லை" என்று கருவி நினைத்துக்கொள்ளும். பம்ப் ஓடாது, உள்ளே பழைய நீர் தேங்கும், எண் ஆடும்.

இப்படிச் செய்யுங்கள்:

1. 10 மீட்டரில் நிறுத்திக் காத்திருங்கள். உருகுநீர்ப் படலம் தடிப்பாக இருந்தால் 20 மீட்டருக்குப் போங்கள். அங்கே உப்பு கட்டாயம் இருக்கும்.
2. இரட்டை உணரி உள்ள கருவியானால் இரண்டின் வித்தியாசத்தைப் பாருங்கள். அது சுருங்கி அசையாமல் நின்றால் பம்ப் ஓடுகிறது, காற்றுக்குமிழ் வெளியேறிவிட்டது என்று பொருள்.
3. பிறகு மெதுவாக மேலே இழுத்து, நீர்மட்டத்தை உடைக்காமல் நிறுத்தி, அங்கிருந்து அளவைத் தொடங்குங்கள்.

மூன்றாவதில்தான் பலர் தவறுவார்கள். வின்ச் இயக்குபவர் ஆர்வத்தில் ஒரு சாண் கூடுதலாகத் தூக்கிவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், முதலாவதிலிருந்து மறுபடி.

ஆழத்தில் அடுக்கு மாறும் இடங்களில் மட்டும் முள் முளைத்தாற்போலத் தெரிந்தால் அது வேறு நோய். வெப்பநிலை உணரியும் கடத்துதிறன் உணரியும் ஒரே வேகத்தில் பதில் சொல்வதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். கணக்கில் நேரத்தை ஒத்திசைத்தால் பெரும்பாலான முட்கள் உதிர்ந்துவிடும். மிச்சத்தைக் கையால் பிடுங்காதீர்கள். நீங்கள் பிடுங்குவது முள்ளா மீனா என்று உங்களுக்கே தெரியாது.

கடத்துதிறன் எண் நம் ஊர்க் கடலில் காண்பதில் பாதியாக இருக்கிறது என்று ஒரு தம்பி நள்ளிரவில் என்னை எழுப்பினார். குளிர்நீர் மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும்; உப்பு அதேதான். போய்ப் படுங்கள்.

உப்பு எண் ஒரேயடியாக இடம் மாறிவிட்டது, திரும்பி வரவில்லை

இது என் சொந்தக் கதை. தெற்குப் பெருங்கடலில் ஒரு நிலையத்தில் (கப்பலை நிறுத்தி அளவெடுக்கும் இடத்தை அப்படிச் சொல்வோம்) வேலை முடிந்து கருவியை மேலே ஏற்றியபோது விடிகாலை மூன்று மணி. வெளிச்சம் இருந்தது, காற்று மைனஸ் 12. அடுத்த நிலையம் நாற்பது நிமிடத்தில். கருவியைக் கொட்டகைக்குள் தள்ளாமல், குழாயில் நின்ற நீரை ஊதி வெளியேற்றாமல், "கட்டன் சாயா குடித்துவிட்டு வருகிறேன்" என்று உள்ளே போனேன். பதினைந்து நிமிடம் இருக்கும்.

கடத்துதிறன் உணரியின் உள்ளே இருப்பது ஒரு கண்ணாடிக் குழல். சுண்டுவிரல் அதற்குள் போகாது. அதில் நின்ற நீர் உறைந்து விரிந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது, உரித்த மரச்சீனிக்கிழங்கில் ஓடும் நரம்புபோல ஒரே ஒரு மெல்லிய கோடு. அடுத்த நிலையத்தில் இரண்டு உணரிகளுக்கும் இடையே அதுவரை 0.002க்குள் இருந்த வித்தியாசம் பல மடங்காகிவிட்டது. மாற்று உணரி கப்பலில் இருந்ததால் பயணம் பிழைத்தது. அன்றைய குறிப்பேட்டில் "காரணம்: தேநீர்" என்றே எழுதினேன், அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

இதே அறிகுறிக்குக் காரணம் மூன்று, பிரித்தறிவது இப்படி. எண் குறைவாகக் காட்டி, கருவி ஆழமான வெதுவெதுப்பான நீருக்குள் போனதும் சரியாகிவிட்டால், குழலுக்குள் பனித்துகள் சிக்கியிருந்தது. பனி மின்சாரத்தைக் கடத்தாது; ஆகவே உப்பு குறைந்ததுபோல் தெரியும். அடுத்த முறை அந்த ஆழத்திலேயே சில நிமிடம் நிறுத்திக் கழுவிக்கொண்டு அளவைத் தொடங்குங்கள். எண் மெல்ல மெல்ல, நாள் கணக்கில் நகர்ந்தால், குழலின் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோ உயிர்ப்படலமோ ஒட்டியிருக்கிறது; கருவியின் கையேடு சொல்லும் சோப்புக் கரைசலால் கழுவினால் போதும். இரண்டும் இல்லாமல் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் தாவி, அப்படியே நின்றுவிட்டால், கண்ணாடி போய்விட்டது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

வராமல் தடுப்பது எளிது. கருவி மேலே வந்ததும் குழாயைக் கழற்றி நீரை ஊதி வெளியேற்றுங்கள், அல்லது உடனே கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துங்கள். உறைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள். சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று வீட்டில் பார்த்திருப்பீர்கள். இங்கே அதுவே தலைகீழாக நடக்கும். கொட்டகையின் சூட்டில் தானாக இளகட்டும்.

நிஸ்கின் குப்பி ஒழுகுகிறது, அல்லது மூடவே இல்லை

நிஸ்கின் என்பது ஆழத்து நீரை அங்கேயே அடைத்து மேலே கொண்டுவரும் குப்பி. மேலே வந்ததும் காற்றுத்துளைத் திருகைத் திறக்காமல் கீழ்க்குழாயை மட்டும் திறந்து பாருங்கள். நீர் நிற்காமல் ஓடினால் மேல்மூடியோ காற்றுத்துளையோ அடைபடவில்லை. ஆழத்து நீரில் மேல்நீர் கலந்திருக்கும். அந்தக் குப்பியின் எண்ணைக் குறித்து ஒதுக்குங்கள். ரப்பர் வளையம் குளிரில் விறைத்திருந்தால் மாற்றுங்கள். மூடாத குப்பிக்குப் பெரும்பாலும் காரணம் இழுகயிற்றிலோ கொக்கியிலோ உறைந்த ஒரு துளி நீர்.

மாதிரி எடுக்கும் வரிசையைக் குளிருக்காக மாற்றாதீர்கள். கரைந்த ஆக்சிஜன் முதலில், உப்பு கடைசியில். இன்னொன்று, ஊட்டச்சத்து மாதிரிகளை மொத்தமாக உறைபெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். தெற்குப் பெருங்கடல் நீரில் சிலிக்கேட் அதிகம். உறையவைத்தால் அது ஒன்றோடொன்று பிணைந்து, உருகிய பிறகும் நெடுநேரம் முழுதாகப் பிரியாது. அளக்கும்போது சிலிக்கேட் குறைவாகத் தெரியும். அதற்கென்று தனிக் குப்பி எடுத்து உறையாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். நைட்ரேட்டுக்கான குப்பியை உறையவைக்கலாம், விளிம்புவரை நிரப்பாமல்.

ஆய்வறை உப்புமானி ஒவ்வொரு முறையும் வேறு எண் தருகிறது

குப்பி நீரை உப்புமானியில் அளந்து அதைக்கொண்டே சி.டி.டி.யைத் திருத்துகிறோம். ஆகவே இது ஆடினால் எல்லாமே ஆடும். இங்கே தொண்ணூறு சதவீதம் குற்றவாளி நம் கை.

பூஜ்ய டிகிரியில் எடுத்த நீரை அறைக்குள் கொண்டுவந்ததும் அளந்தால், சூடேறும்போது கரைந்த காற்று வெளிப்பட்டு அளவைக் குழலில் குமிழாக ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளாவது அறையில் வைத்திருந்து அளக்க வேண்டும். அளக்கும் அறையின் கதவை யாரும் சும்மா திறந்து மூடக் கூடாது; எழுதி ஒட்டினாலும் திறப்பார்கள், ஆகவே பூட்டுங்கள். தரநிலைக் கடல்நீர்க் குப்பியைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து, நடுவில் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஆடினால் கருவியைத் திறக்கலாம்.

எதிரொலிமானி காட்டும் ஆழம் கம்பிக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை

ஒலி தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் எதிரொலிமானியில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1500 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். நம் ஊர் மேல்கடலில் உண்மை வேகம் 1540 வாக்கில். துருவக் கடலின் மேல்நீரில் 1440 வாக்கில். அங்கே 1000 மீட்டர் என்று காட்டும் இடத்தில் உண்மை ஆழம் ஏறக்குறைய 30 மீட்டர் குறைவு. தரைக்கு 20 மீட்டர் மேலே கருவியை நிறுத்துகிறேன் என்று இறக்குகிறவர் சேற்றில் கொண்டுபோய் நட்டுவிடுவார். சி.டி.டி. தரும் வேகத்தை எதிரொலிமானியில் கொடுங்கள். கடைசி நூறு மீட்டருக்குக் கருவியிலேயே உள்ள தரைத்தூரமானியை நம்புங்கள். எங்கள் ஊரில் ஈயக்குண்டு கட்டி ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்லும் பெரியவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

நீரோட்டமானியின் திசை சுற்றிச் சுற்றி வருகிறது

எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் திருவனந்தபுரம் போய்ச் சற்றே தள்ளினால் தும்பா. 1963இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் ஏவ அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம், காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போனது. அங்கே காந்த ஊசி தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும்; திசை காட்ட இதைவிட வசதியான இடம் கிடையாது. துருவம் நெருங்க நெருங்க ஊசி தலைகுத்தி நிற்கப் பார்க்கும். கிடைமட்ட இழுவை மெலிந்துபோவதால் சிறிய இரும்புத் துண்டும் அதைத் திருப்பிவிடும். கப்பலின் சுழல்திசைமானியும் உயர் அட்சரேகைகளில் தடுமாறும்.

கடல் என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்: மின்கலத்தைப் புதிதாகப் போட்ட பின், அந்தக் கலத்தோடேயே திசைமானியைச் சுழற்றித் திருத்துங்கள். இதை வீட்டில் செய்யாமல் இறக்கப்போகும் அட்சரேகைக்குப் பக்கத்தில் செய்ய வேண்டும். கப்பலுக்கு இரட்டை ஆண்டெனா ஜி.பி.எஸ். தரும் திசையே நம்பகமானது. வேகம் சரி, திசை மட்டும் தப்பு என்றால் தரவைத் தூக்கி எறியாதீர்கள். ஃபியோர்டில் நீவாடு, அதாவது நீரோட்டம், கரைக்கு இணையாக ஓடும், ஓதம் ஏறுவதும் வற்றுவதும் தெரிந்த கணக்கு, அவற்றை வைத்துத் திருப்பிச் சரிசெய்துவிடலாம்.

அடியில் நட்ட கருவித்தொடர் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை

ஓராண்டுக்கு முன் கடலடியில் நட்டுவைத்த கருவித்தொடரை மீட்பதுதான் இந்த வேலையிலேயே வயிற்றைக் கலக்கும் நேரம். காங்ஸ்ஃபியோர்டனில் இந்தியா 2014 ஜூலையில் இறக்கிய இண்டார்க் என்ற தொடர் சுமார் 190 மீட்டர் ஆழத்தில் நின்றது. இத்தகைய தொடரின் அடியில் கனமான எடை, மேலே மிதவைகள், நடுவே ரிலீஸர். கப்பலிலிருந்து ஒலியால் கட்டளை கொடுத்தால் அது கொக்கியைத் திறந்து எடையை விட்டுவிடும். மற்றதெல்லாம் மிதந்து மேலே வரும்.

பதிலே இல்லை என்றால் முதலில் நம் சத்தத்தை நிறுத்துங்கள். முகப்பு உந்துவிசிறி, எதிரொலிமானி, கப்பலின் அடியிலுள்ள நீரோட்டமானி எல்லாம். ரிலீஸர் பேசும் அதிர்வெண்ணுக்குப் பக்கத்திலேயே சில எதிரொலிமானிகளும் கத்தும்; சந்தையில் நின்று போன் பேசுவதுபோல. மாலுமிகள் முதல் தடவை சொன்னால் ஒன்றை மறந்துவிடுவார்கள். நீங்களே போய்ப் பாருங்கள்.

அடுத்து, ஒலிவாங்கியைக் கப்பலின் அடிப்பாகத்துக்கும் கீழே, உருகுநீர்ப் படலத்தையும் தாண்டி இறக்குங்கள். துருவக் கடலில் ஆழம் கூடக் கூட ஒலியின் வேகமும் கூடுவதால் ஒலி மேல்நோக்கி வளையும். வெகுதூரத்தில் நின்று கூப்பிட்டால் கதிர் உங்களைத் தொடாமல் போகலாம். நெருங்கிப் போங்கள், ஆனால் தலைக்கு நேர் மேலே நிற்காதீர்கள். எழுந்து வரும் மிதவை உங்கள் சுழலியில் சிக்கும்.

மூன்றாவது, கட்டளை எண் எழுதிய தாள். ஒரே தொடரில் இரண்டு ரிலீஸர் பக்கம் பக்கமாகக் கட்டுவது வழக்கம். ஒன்று செத்தாலும் மற்றது திறந்தால் போதும். எந்த எண் எதற்கு என்று நட்டவர் எழுதிய தாள் உங்களிடம் இருக்கிறதா, படம் எடுத்தது மட்டுமா? ஒருமுறை 1 என்று எழுதியதை 7 என்று படித்து முக்கால் மணி நேரம் கடலைத் திட்டினோம்.

பதில் வருகிறது, தூரமும் தெரிகிறது, ஆனால் அந்தத் தூரம் குறையவே இல்லை என்றால்: கொக்கி திறந்தும் சேற்றிலோ துருவிலோ சிக்கியிருக்கிறது. இரண்டாவது ரிலீஸரைத் திறங்கள். ஓதம் திரும்பும்வரை பொறுங்கள். இழுவை மாறும்போது தானாகக் கழன்று வருவதுண்டு. கம்பியைச் சுற்றிப் போட்டு இழுப்பது கடைசி வழி.

தூரம் குறைந்தது, மேலே வந்துவிட்டது என்று கணக்கு சொல்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. இதுதான் துருவத்துக்கே உரிய அறிகுறி. பனிப்பலகையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. மூன்று இடங்களில் நின்று தூரம் எடுத்து வட்டம் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கலாம், அதுவும் ஒலிவேகத்தைச் சரியாகக் கொடுத்திருந்தால். பிறகு கப்பல் பனியை மெல்ல விலக்க வேண்டும். பனி நகர்ந்துகொண்டே இருக்கும், தொடரும் அதோடு போகும். ஆகவே திறந்த நீர் போதுமான அகலத்துக்குக் கிடைக்கும்வரை திறக்கும் கட்டளையைக் கொடுக்கவே கூடாது. தலைமை விஞ்ஞானி அவசரப்படுத்துவார். கேப்டன் எரிபொருள் கணக்கு சொல்வார். பொத்தான் உங்கள் கையில் இருக்கிறது. நான் ஒருமுறை பதினோரு மணி நேரம் காத்திருந்தேன். யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. மிதவை மேலே வந்த பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஆர்கோ மிதவை குளிர்காலத்தில் பேச்சை நிறுத்திவிட்டது

ஆர்கோ என்பது தானாகவே ஆழத்துக்கு இறங்கி ஏறி, அளந்ததைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் மிதவை. பேச்சு நின்றதும் செத்துவிட்டது என்று பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். பனிக்கடலுக்கான மிதவைகள் ஏறும் வழியில் மேல்நீரின் வெப்பநிலையைப் பார்க்கும். உறைநிலையை ஒட்டியிருந்தால் மேலே பனி இருக்கும் என்று கணித்து, ஏறாமல் திரும்ப இறங்கிவிடும். அளந்ததை நினைவில் வைத்திருந்து, பனி விலகிய பிறகு மொத்தமாக அனுப்பும். கோடைவரை பொறுங்கள்.

குப்பி லேபிளில் ஒரே எண் இரண்டு முறை

இது கருவிப் பழுது அல்ல. லேபிள் எழுதியவருக்கு உடல் குளிர்ந்துகொண்டிருக்கிறது. கையெழுத்து பெரிதாகும், முடிச்சு தவறும், பேச்சு குழறும், கேட்டால் "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்று எரிந்து விழுவார். அந்த எரிச்சலும் ஓர் அறிகுறி. வாதாடாமல் உள்ளே அழைத்துப் போய் ஈர உடையை மாற்றி, சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். விரல் நுனியோ மூக்கோ வெள்ளையாகி உணர்வற்றுப் போயிருந்தால் தேய்க்காதீர்கள். அக்குளில் வைத்துச் சூடேற்றி, நிறம் திரும்பவில்லை என்றால் கப்பல் மருத்துவரிடம்.

இதில் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. பள்ளி விடுமுறையில் படகின் ஐஸ் அறைக்குள் இறங்கி மீனுக்கு ஐஸ் வாரிப் போட்டவர்களுக்கு, விரல் சொல்பேச்சு கேட்காமல் போகும் அந்தக் கணம் தெரியும். அது வருவதற்கு முன்பே கையை எடுக்க வேண்டும் என்றும் தெரியும். களியக்காவிளைத் தங்கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவருக்கு நான் சொன்ன பயிற்சி இது. ஒரு மீன் பெட்டியில் உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு கலந்து மூடுங்கள். மைனஸ் பத்துக்கும் கீழே எளிதாக இறங்கும். கப்பலுக்குக் கொண்டுபோகும் டார்ச், மின்கலம், பேனா, ஒட்டுநாடா, லேபிள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு மணி நேரம் உள்ளே வையுங்கள். வெளியே எடுத்ததும் பேனா எழுதாது, பென்சில் எழுதும். சாதாரண அல்கலைன் கலம் மங்கும், லித்தியம் கலம் தாங்கும். ஒட்டுநாடா ஒட்டாது. பிறகு கம்பளிக் கையுறையின் மேல் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பெட்டிக்கு மேலே கையை வைத்து ஒரு திருகாணியை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். அந்தக் கலவையில் வெறுங்கையை மட்டும் விடாதீர்கள்; தோல் வெந்ததுபோல் ஆகிவிடும்.

அவர் செய்து பார்த்துவிட்டுப் போன் செய்தார். "அண்ணா, திருகாணி பெட்டிக்குள் விழுந்துவிட்டது." எல்லாத் திருகாணியையும் நூலால் கருவியோடு கட்ட வேண்டும் என்பது அப்படித்தான் அவருக்குப் புரிந்தது.

உறக்கம் இன்னொரு தொல்லை. நீ ஓலசுண்டில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம்வரை சூரியன் மறையாது. கண்ணை மறைக்கும் துணி எடுத்துப்போங்கள். தூங்காதவர் படிக்கும் 1, 7 ஆகும் என்று மேலே பார்த்தோம்.

எல்லா எண்ணும் சரி, ஆனால் இரண்டு கருவிகள் சேரவில்லை

ஒன்று ஐந்தரை மணி நேரம் முந்தியிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ மடிக்கணினியை இந்திய நேரத்திலேயே விட்டிருப்பார். கப்பல் நேரம் ஒன்று, கிரீன்விச் நேரம் ஒன்று, வீட்டுக்குப் பேச இந்திய நேரம் ஒன்று என்று மூன்று கடிகாரம் மண்டைக்குள் ஓடும். கருவிகள் எல்லாவற்றுக்கும் கிரீன்விச் நேரம் மட்டும். கைக்கடிகாரத்தையும் அதற்கே மாற்றிவிடுங்கள். சித்தப்பாவுக்கு நான் போன் செய்வது எப்போதும் அவர் வலை பழுது பார்க்கும் நேரமாகவோ நடுச்சாமமாகவோ அமைவதற்கு அதுதான் காரணம் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.